எக்ஸ்பெடைட் துரை கால் பார்த்த கதை

தென்கோடியில் ஒரு மாவட்டத் தலைநகரம். அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, அலுவலகங்கள் அவ்வளவு லேசில் போய்விடுவதில்லை.

அந்த அலுவலகத்தில் எல்லாம் தமிழில்தான் நடக்கும். கோப்பு தமிழ், குறிப்பு தமிழ், திட்டும் தமிழ். ஒரே ஒரு சொல் மட்டும் சீமையிலிருந்து வந்து தங்கிவிட்டது. அதன் பெயர் எக்ஸ்பெடைட். சட்டை கசங்காத வினைச்சொல். வீட்டிலோ கடைத்தெருவிலோ அதை யாரும் கூப்பிடுவதில்லை. "சாம்பாரைக் கொஞ்சம் எக்ஸ்பெடைட் பண்ணுங்க" என்று எந்தப் பந்தியிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரிய அதிகாரிகளின் பச்சை மைப் பேனாவுக்குள்தான் அதற்குக் குடித்தனம். அதனால் மேசை, நாற்காலி, முத்திரை எல்லாமே அதை எக்ஸ்பெடைட் துரை என்று மரியாதையாக அழைத்தன. நாமும் அப்படியே அழைப்போம். நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது.

துரைக்கு கைண்ட்லி என்று ஓர் எடுபிடி உண்டு. துரை எங்கே போனாலும் அவன் முன்னால் குடை பிடித்துக்கொண்டு போவான். 'விரைந்து', 'உடனடியாக' என்ற இரண்டு உள்ளூர்ச் சொற்களும் அங்கே நெடுநாளாக வேலை பார்த்துவந்தன. துரை வந்தபிறகு அவற்றை ஒருவரும் சட்டை செய்வதில்லை. கடிதங்களின் கடைசி வரியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

அலுவலகத்தின் எழுத்தர் நல்லபெருமாள். பெயருக்கேற்ற மனிதர், யாருக்கும் மனதறிந்து கெடுதல் செய்ததில்லை. அவருடைய மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் அட்டை போன பழைய ஆங்கில அகராதி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் ஏதோ ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது அந்த அகராதி மட்டும்தான்.

அந்த மேசைக்கு ஒரு ஜூன் மாதத்தில் புதிய கோப்பு ஒன்று வந்தது.

சுடர்கொடி என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் கோப்பு. தண்ணீர் லாரி ஒன்று அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுக்குச் செயற்கைக் கால் வேண்டும். மருத்துவமனையில் அளவெடுத்து, அந்த அளவுத்தாளைக் கோப்பில் வைத்துச் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தார்கள். நல்லபெருமாள் மேசையிலிருந்து கண்காணிப்பாளர் மேசை, அங்கிருந்து அதிகாரியின் அறை, அங்கே ஒரு கையெழுத்து. கையெழுத்து விழுந்துவிட்டால் கால் செய்கிற பட்டறைக்கு ஆணை போய்விடும். மொத்தமே மூன்று நிறுத்தம்தான்.

அளவுத்தாளுக்கு ஆரம்பத்திலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

"சீக்கிரம் போக வேண்டும்," என்று நாடாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. "என்மேல் எழுதிய எண் மாறாது. அந்தப் பிள்ளை மாறிக்கொண்டே இருக்கும். இருபத்தாறு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டார்கள். அவள் அதோடு நின்றுவிடுவாளா?"

"எல்லாத் தாளும் வந்த புதிதில் இப்படித்தான் பேசும்," என்றது நாடா. "ஓரம் பழுப்பேறினால் சரியாகிவிடும்."

கோப்பு தன் நடையில் நடந்தது. மெதுவாகத்தான். ஆனாலும் நடந்தது. அக்டோபர் மாதம் அதிகாரியின் அறைக்குள் போய், கையெழுத்துக்குக் காத்திருக்கும் அடுக்கில் மேலிருந்து நான்காவதாக உட்கார்ந்தது. அளவுத்தாளுக்கு மூச்சு வந்தது.

அதே வாரம் சிறுமியின் தாய் இசக்கித்தாய் அலுவலகத்துக்கு வந்தாள். தையல்காரி. மகளை இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள்.

"சார், அளவு குடுத்து நாலு மாசம் ஆச்சு. அடுத்த ஜூன்ல இவ ஆறாங்கிளாஸ். பெரிய பள்ளிக்கூடம் மேலூர்லல்லா இருக்கு. அம்புட்டுத் தூரம் நான் எப்பிடித் தூக்கிட்டுப் போவேன்? நடந்து போனாத்தான் சார் படிப்பு. இல்லன்னா வீட்டோட கெடக்க வேண்டியதுதான். இவளும் இப்ப கனக்கா."

"நான் கனக்கல," என்றாள் சுடர்கொடி. "நீ ஒழுங்கா சாப்பிட மாட்டேங்க."

நல்லபெருமாளுக்கு மனம் இளகிவிட்டது. ஊர் உலகத்தில் பாதித் துன்பம் இப்படி மனம் இளகியவர்களால்தான் வருகிறது. அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"யம்மா, ஃபைல் அய்யா ரூமுக்குப் போயிட்டு. எப்ப வெளிய வரும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு செய்யுங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல ஒரு மனு குடுங்க. பெரியவங்க அது மூலையில எக்ஸ்பெடைட்டுன்னு ஒரு வார்த்தை போட்டுட்டாங்கன்னு வைங்க, பொறவு ஃபைல் பறக்கும்."

"அந்த வார்த்தைய எப்பிடிக் கேக்கணும் சார்?"

"நீங்க கேக்க வேண்டாம். பிள்ளையக் கொண்டு காட்டுங்க. தன்னால போடுவாங்க."

இசக்கித்தாய் திங்கட்கிழமை விடியலிலேயே போய் வரிசையில் நின்றாள். நான்கு மணி நேரம் நின்று மனுவைக் கொடுத்தாள். பெரியவர் பிள்ளையைப் பார்த்தார். அவருக்கும் மனம் இளகியது. பேனாவைத் திறந்தார். மனுவின் இடது மூலையில், கைண்ட்லி குடை பிடிக்க, பச்சை உடுப்பில் எக்ஸ்பெடைட் துரை வந்து இறங்கினார். இசக்கித்தாய்க்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

துரை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. தபால் பிரிவில் அவருக்கு ஓர் எண் போட்டார்கள். ஒரு முத்திரை குத்தினார்கள். பிறகு விதிமுறையைப் பார்த்தார்கள். மேலிடக் குறிப்போடு வரும் மனுவை மூலக்கோப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்து, 'நடவடிக்கையில் உள்ளது' என்று மேலிடத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் கோப்பு மேலே போக வேண்டும். அந்த அலுவலகத்தில் இந்த ஒரு விதியை மட்டும் யாரும் மீறியதே கிடையாது.

மூலக்கோப்பு எங்கே? அதிகாரியின் அறையில். அடுக்கில் அப்போது அது இரண்டாவதாக இருந்தது. உருவி எடுத்துவந்து நல்லபெருமாள் மேசையில் வைத்தார்கள்.

நாடா அவிழ்ந்தது. துரை உள்ளே நுழைந்தார். நாடா மறுபடியும் இறுகியது.

"பயப்பட வேண்டாம்," என்றார் துரை. "நான் வந்துவிட்டேன்."

"நீர் யார்?" என்று கேட்டது அளவுத்தாள்.

"துரை," என்றான் கைண்ட்லி. "எழுந்து நில்."

"தாளால் எழுந்து நிற்க முடியாது. ஐயா, நீர் என்ன வேலை செய்பவர்?"

"வேகப்படுத்துவது என் தொழில். நான் தொட்டால் கோப்பு பறக்கும்."

"நாங்கள் கையெழுத்துக்கு இரண்டாவதாக இருந்தோம். நாளைக் காலையில் முடிந்திருக்கும். உம்மைச் சேர்ப்பதற்காகத்தான் எங்களைக் கீழே இழுத்து வந்திருக்கிறார்கள்."

துரை சிரித்தார். கைண்ட்லியும் சிரித்தான், அவனுக்கு அது கடமை. "அறியாமை. நான் எந்தக் குலத்தில் பிறந்தவன் தெரியுமா? லத்தீன்."

"இருக்கட்டும். உம் பெயருக்கு என்ன அர்த்தம்?"

துரை விழித்தார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அதிகாரிகள் கேட்கவில்லை, எழுத்தர்கள் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. மரியாதை கிடைக்கிற இடத்தில் அர்த்தத்தை யார் தேடுகிறார்கள்?

அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"நான் சொல்லட்டுமா?" என்றது அகராதி. "என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் பக்கம் இன்னும் கிழியவில்லை. லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே. பெஸ் என்றால் கால். தளை மாட்டிக்கொண்ட காலை வெளியே எடுத்து விடுவது, அதுதான் உன் பிறப்பு. கால் விடுபட்டால் நடை வரும், நடை வந்தால் வேகம் வரும். அப்படித்தான் 'விரைவுபடுத்து' என்ற அர்த்தம் உன்மேல் வந்து ஒட்டியது. உனக்கு இம்பீட் என்று கூடப்பிறந்தவன் ஒருவன் உண்டு. அவன் காலைத் தளையில் மாட்டுகிறவன். இரண்டு பேருக்கும் முகஜாடை ஒன்றுதான்."

துரைக்கு நெஞ்சு விம்மியது. "காலை விடுவிப்பவனா நான்?"

"ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. உன் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எக்ஸ்பெடிஷன் மலை ஏறப் போய்விட்டான். பெடல் தையல் மெஷினில் வேலை பார்க்கிறான். உங்கள் வம்சத்தில் உழைத்துச் சாப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். அது கிடக்கட்டும், நீ எப்போதாவது ஒரு காலைப் பார்த்திருக்கிறாயா?"

"நான் எப்போதும் மேசைக்கு மேலேயே இருப்பவன்," என்றார் துரை கொஞ்சம் கூச்சத்தோடு.

"நான் தினமும் பார்க்கிறேன்," என்றது அகராதி. "என் தலைமேலேயே ஒன்று நிற்கிறது."

துரை கம்பீரமாக நாடாவின் பக்கம் திரும்பினார். "கேட்டாயா? நான் தளை அவிழ்ப்பவன். கட்டை அவிழ்."

"ஐயா," என்றது நாடா, "நீங்கள் வரும்போதெல்லாம் என்னை ஒரு சுற்றுக் கூட்டித்தான் கட்டுகிறார்கள். கோப்பு தடிமனாகிறது அல்லவா?"

நல்லபெருமாள் பதில் கடிதம் எழுதினார். நல்ல கடிதம். அது சரிபார்க்கப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி அச்சிடப்பட்டு மேலிடம் போய்ச் சேரப் பொங்கல் வந்துவிட்டது. பிறகு கோப்பு மீண்டும் கண்காணிப்பாளர் மேசையில் அடுக்கின் அடியில் போய்ப் படுத்தது. அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து மார்ச்சில் அதிகாரியின் அறைக்கு ஏறியது. இந்தத் தடவை மேலிருந்து மூன்றாவது.

இசக்கித்தாய் வந்தாள். "அந்த வார்த்தையப் போட்டாகளே சார், இன்னும் வரலையே?"

"ஒரு தடவை போட்டாப் பத்தாது போலிருக்கும்மா," என்றார் நல்லபெருமாள் வருத்தத்தோடு. "இன்னொண்ணு வாங்கிட்டு வந்திருங்க."

வாங்கி வந்தாள். கோப்பு கீழே இறங்கியது.

இந்த முறை துரைக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே நுழைந்ததும் தன்னைத் தானே சந்தித்தார். அக்டோபரில் வந்த பழைய துரை ஒரு தாளின் மூலையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள். அளவுத்தாள் பேசுவதை நிறுத்தியிருந்தது. அதன் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

"அகராதி," என்று மெல்லக் கூப்பிட்டார் துரை. "நீ சொன்னது என்னைப் பற்றித்தானா? என் கூடப்பிறந்தவனைப் பற்றிச் சொல்லிவிடவில்லையே?"

"பக்கம் மாறவில்லை," என்றது அகராதி. "நீதான் மாறிவிட்டாய்."

துரைக்கு அது சுருக்கென்று தைத்தது. இனி வருவதில்லை என்று முடிவு செய்தார்.

ஜூன் வந்தது. பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள் இசக்கித்தாய். ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் அவளால் மகளைத் தூக்கிக்கொண்டு மேலூர் போக முடிந்தது. மற்ற நாள் சுடர்கொடி வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற பிள்ளைகளின் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கோப்பு மறுபடி அதிகாரியின் அறைக்கு ஏறி, அடுக்கின் உச்சியிலேயே இருந்தது. அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். அது தெரியாமல் இசக்கித்தாய் அந்தத் திங்கட்கிழமை மூன்றாவது மனுவோடு வரிசையில் நின்றாள்.

பெரியவர் பேனாவை எடுத்தார். துரை உள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேனா எழுதவில்லை. பெரியவர் உதறினார். துரை பிடியை விடவில்லை. பெரியவர் இன்னும் ஓங்கி உதறினார். துரை தடுமாறி மனுவின்மேல் விழுந்தார். எழுதாமல் இழுத்தடித்த பேனாவின்மேல் வந்த கோபத்தில் பெரியவர் அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். கோடு போட்ட துரைக்கு மரியாதை கூடுதல் என்பதால் இந்தத் தடவை தபால் பிரிவில் இரண்டு முத்திரை குத்தினார்கள்.

கோப்பு உச்சியிலிருந்து கீழே இறங்கியது.

எப்படியோ செப்டம்பரில் கையெழுத்தும் விழுந்தது. அந்த மாதம் மனுநாள் நடக்கவில்லை. அதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிசம்பரில் பெட்டி வந்தது. நல்லபெருமாளே இசக்கித்தாய்க்குப் போன் செய்து கூப்பிட்டார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தன் காசில் டீ வாங்கி வைத்திருந்தார்.

பெட்டியைத் திறந்து காலை எடுத்தார்கள். புதுசு. நல்ல வேலைப்பாடு. சுடர்கொடி பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தாள். புதுக் காலின் மேற்கிண்ணம் முழங்காலைப் பிடித்து இறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இடது கால் தரையில் இருந்தது. புதுக் கால் தரைக்கு மூன்று விரல் மேலே தொங்கியது.

நல்லபெருமாள் குனிந்து அந்த இடைவெளியில் விரல் வைத்துப் பார்த்தார்.

"அளவு சரியாத்தானே எழுதியிருக்கு," என்று நல்லபெருமாள் பதற்றத்தோடு கோப்பைப் பிரித்தார். அளவுத்தாளில் இருபத்தாறு சென்டிமீட்டர். காலும் இருபத்தாறு சென்டிமீட்டர். தாளில் ஒரு குற்றமும் இல்லை.

சுடர்கொடி எட்டிக் கோப்பைப் பார்த்தாள். வாரத்தில் இரண்டு நாள் போனாலும் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள். விரலை வைத்துத் தேதிகளைப் படித்தாள்.

"அக்டோபர் பதினாலு, கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. அக்டோபர் பதினேழு, மேலிடக் குறிப்பு வரப்பெற்றதால் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. மார்ச் அஞ்சு, கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. மார்ச் எட்டு, திரும்பப் பெறப்பட்டது. ஜூன் இருபது, வைக்கப்பட்டது. ஜூன் இருபத்தி மூணு, திரும்பப் பெறப்பட்டது." நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். "யம்மா, நாம மனு குடுத்தப்பல்லாம் இது திரும்பி வந்திருக்கு."

இசக்கித்தாய் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்ற மூன்று திங்கட்கிழமைகளும் அவள் கண்முன் வந்து நின்றன. நான்தான் இழுத்திருக்கிறேன், என் கையாலேயே இழுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் நல்லபெருமாள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "புதுசா அளவெடுத்துப் புது மனு போட்டுருவோம். இந்தத் தடவ ஆரம்பத்துலயே ஒரு எக்ஸ்பெடைட் வாங்கிட்டு வந்துருங்க."

"வேண்டாம் சார்," என்றாள் இசக்கித்தாய். "யாரும் அவசரப்படுத்த வேண்டாம்னு நான் சொன்னதா எழுதிப் போடுங்க. அது பாட்டுக்குப் போகட்டும்."

அவள் சொன்னபடியே மனுவில் எழுதப்பட்டது. அங்கேதான் சிக்கல். கண்காணிப்பாளர் முப்பது வருடச் சர்வீசில் அப்படி ஒரு வரியைக் கண்டதில்லை. மனுதாரர் விரைவு வேண்டாமென்று கோருகிறார். இதற்கு விதியில் இடமிருக்கிறதா? விளக்கம் கேட்டு மனுதாரருக்கே கடிதம் எழுதலாம் என்று முடிவாயிற்று. விளக்கம் வரும்வரை கோப்பை நிறுத்திவைக்கலாம் என்றும் முடிவாயிற்று. கடிதத்தின் கடைசியில் அதிகாரி தம் கையாலேயே பச்சை மையில் ஒரு வரி சேர்த்தார். விளக்கத்தைத் தாமதமின்றி அனுப்புமாறு, கைண்ட்லி குடை பிடிக்க, எக்ஸ்பெடைட் துரை.

அப்படித்தான் துரை வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலகத்தை விட்டு வெளியே வந்தார். தபால்காரரின் பையில் போய், ஓட்டு வீட்டு வாசலில் இறங்கினார். சுடர்கொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உறையைப் பிரித்தாள். உள்ளே இசக்கித்தாய் தையல் மெஷினில் இருந்தாள். அவள் காலுக்குக் கீழே பெடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தான். சொந்தக்காரனை ஏறிட்டுப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

சுடர்கொடி கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் எழுத்துக்கூட்டினாள்.

"யம்மா, எக்ஸ்பெடைட்டுன்னா என்ன?"

இசக்கித்தாய் தலை நிமிரவில்லை. தைத்துக்கொண்டே சொன்னாள்.

"நடக்கப் போற பிள்ளையக் காலப் பிடிச்சு இழுக்கதுன்னு அர்த்தம்."

துரைக்குச் சுரீரென்றது. இல்லை, நேர் எதிர், காலை விடுவிப்பது என்று சொல்ல வாயெடுத்தார். கடிதம் சுடர்கொடியின் கையில் தாழ்ந்து தொங்கியது. அப்போதுதான் அவர் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்றைப் பார்த்தார், கதவு நிலையோரம், தரையில், ஒற்றைக் கால்.

சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.